புரதத் திரட்சியை ஒளிர்வால் அளப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பார்க்கின்சன் நோயாளிகளின் மூளைச் செல்களில் காணப்படும் லூயி உடல்களில் ஆல்ஃபா சைனியூக்ளின் என்ற புரதம் திரண்டிருப்பது 1997-இல் தெரியவந்தது. அல்சைமர் நோயில் அமிலாய்டு பீட்டாவும் டௌ புரதமும் இவ்வாறே திரள்கின்றன. தனித்தனி மூலக்கூறுகளாகக் கரைந்திருக்கும் இப்புரதங்கள் நாரிழைகளாக மாறும் போக்கை உயிர் இயற்பியலாளர்கள் பெரும்பாலும் ஒளிர்வின் துணையோடுதான் பின்தொடர்கிறார்கள். சிறிதளவு புரதமே போதும், நிகழ்வை நேரடியாகப் பார்க்கலாம் என்பதால் இம்முறைக்கு இவ்வளவு செல்வாக்கு. ஆனால் கருவி அளப்பது புரதத்தை அன்று. புரதத்தோடு சேர்ந்த சாயத்தை. இத்துறையில் வெளியாகும் தவறான முடிவுகளுள் பலவும் இந்த வேறுபாட்டை மறப்பதால் நேர்பவை.

முதலில் தயோஃபிளாவின் டி. திசுக்களில் அமிலாய்டை, அதாவது நாரிழைகளாகத் திரண்ட புரதப் படிவை, இனங்காண 1959-இலேயே பரிந்துரைக்கப்பட்ட இச்சாயத்தின் மூலக்கூறில் இரு பகுதிகள் ஒற்றைப் பிணைப்பால் இணைந்திருக்கின்றன. நீரில் அப்பகுதிகள் தடையின்றித் திரும்புவதால், உறிஞ்சிய ஆற்றல் ஒளியாக வெளிவராமல் கரைந்து போகிறது. நாரிழையின் மேற்பரப்பில் அமைந்த நீண்ட பள்ளங்களில் சாயம் படிந்தால் அந்தத் திருப்பம் தடைபட்டு, 440 முதல் 450 நானோமீட்டர் வரையிலான ஒளியை வாங்கி ஏறத்தாழ 480 நானோமீட்டரில் வலுவாக ஒளிர்கிறது. அப்படியானால், திருப்பத்தைத் தடுக்கும் வேறு எதுவும் இதையே செய்யும். கிளிசரால் போன்ற பாகுத்தன்மை மிக்க திரவத்திலும், சீரம் அல்புமினோடு சேரும்போதும், டி.என்.ஏ.வின் சில நான்கிழை அமைப்புகளோடு சேரும்போதும் இச்சாயம் ஒளிர்கிறது. எனவே ஒளிர்வு கூடியதை மட்டும் வைத்து நாரிழை உருவாகிவிட்டதாக எழுதக் கூடாது. மறுபுறம், செல்களுக்கு அதிகத் தீங்கு செய்பவை என்று பலர் கருதும் சிறு திரள்கள் பெரும்பாலும் இச்சாயத்தில் மங்கலாகவே தெரிகின்றன. ஆகவே ஒளிர்வு இல்லை என்பதும் திரட்சி இல்லை என்பதற்குச் சான்றாகாது.

இதைவிட நுட்பமான தவறு ஒன்று உண்டு. ஒரு புரதத்தின் இயல்பு வடிவத்தையும் அதன் திரிபு வடிவத்தையும் திரளவிட்டு, இறுதியில் எது அதிகம் ஒளிர்கிறதோ அதுவே அதிகம் திரண்டது என்று கூறிவிடுவார்கள். ஒரே புரதம் சூழலுக்கேற்ப வெவ்வேறு கட்டமைப்புள்ள நாரிழைகளைத் தருவதுண்டு. சாயம் ஒவ்வொன்றிலும் ஒவ்வோர் அளவில் படிகிறது. கரைசலின் அமிலத்தன்மையும் உப்பின் அளவும்கூடச் சாயம் படியும் அளவை மாற்றும். திரண்ட அளவை அறிய வேண்டுமென்றால், மாதிரியை உயர்வேக மையவிலக்கியில் சுழற்றி, மேலே கரைந்து நிற்கும் புரதம் எவ்வளவு என்று அளப்பதே நேர்மையான வழி. நாரிழையின் வடிவத்தை மின்னணு நுண்ணோக்கியில் உறுதிசெய்வது அடுத்த படி.

திரட்சியைத் தடுக்கும் மருந்துப் பொருள்களைத் தேடுபவர்களுக்கு இச்சாயம் வேறொரு குழியையும் வெட்டி வைத்திருக்கிறது. நம் அடுப்பங்கரை மஞ்சளின் நிறத்துக்குக் காரணமான குர்குமின், சாயத்தைத் தூண்டப் பயன்படும் அதே நீல ஒளியைத் தானும் வலுவாக உறிஞ்சும். குர்குமினைச் சேர்த்தவுடன் ஒளிர்வு குறைகிறது. திரட்சி நின்றுவிட்டது போன்ற தோற்றம் கிடைக்கிறது. நாரிழைகள் உண்மையில் குறையாமலிருந்தும் குர்குமினும் திராட்சையில் காணப்படும் ரெஸ்வெரட்ராலும் தயோஃபிளாவின் அளவீட்டைத் திரித்துவிடும் என்று 2009-இலேயே எச்சரிக்கை வெளியானது. இயற்கைப் பொருள்களின் நற்பயன்களைப் பற்றிய ஆர்வம் நம்மிடையே மிகுதி என்பதால் இந்தத் தவறுக்கு இங்கே கூடுதல் இடம் கொடுக்கிறேன். இதற்கான சோதனை எளியது: ஏற்கெனவே முழுமையாக உருவான நாரிழைகளில் அப்பொருளைச் சேர்த்து உடனே அளந்து பாருங்கள். சில நொடிகளிலேயே ஒளிர்வு சரிந்தால், சாயத்தின் ஒளி மறைக்கப்பட்டதா, சாயமே இடம்பெயர்ந்ததா என்றுதான் முதலில் ஐயப்பட வேண்டும். நாரிழைகள் அவ்வளவு விரைவில் கரைந்திருக்கும் என்று கொள்வதற்கு வேறு வலுவான சான்று தேவை.

தொடக்க நிலையில் நடக்கும் கவனக்குறைவு அளவீட்டில் நடப்பதைவிடக் கேடானது. உலர்த்திய தூளாக வரும் புரதத்தைத் தாங்கல் கரைசலில் (அமிலத்தன்மையை நிலையாக வைக்கும் கரைசலில்) கலக்கி நேரே சோதனையைத் தொடங்கினால், அதில் முன்பே இருக்கும் நுண்ணிய திரள்கள் வித்துகளாகச் செயல்படும். லண்ட், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 42 அமினோ அமிலங்கள் கொண்ட அமிலாய்டு பீட்டா 42-இல் புதிய திரள்களுள் பெரும்பாலானவை ஏற்கெனவே இருக்கும் நாரிழைகளின் மேற்பரப்பிலேயே பிறக்கின்றன. அதாவது மிகச் சிறிதளவு வித்து கலந்திருந்தாலும் வினையின் கால ஒழுங்கு முழுதும் மாறிவிடும். அளவு அடிப்படையில் பிரிக்கும் குரோமட்டோகிராஃபி வழியே தனி மூலக்கூறுகளைப் பிரித்தெடுத்து, பனிக்கட்டியில் வைத்து, தாமதமின்றிப் பயன்படுத்துவதைத் தவிர இதற்குக் குறுக்குவழி இல்லை. புரதம் ஒட்டாத மேற்பரப்புள்ள தட்டுகளைத் தேர்ந்தெடுப்பதும், குலுக்கும் வேகத்தையும் கிண்ணங்களில் எஞ்சும் காற்றிடத்தையும் எல்லா மாதிரிகளிலும் ஒரே சீராக வைப்பதும் அவசியம். காற்றும் நீரும் சந்திக்கும் பரப்பே சில புரதங்களில் திரட்சியைத் தூண்டிவிடுகிறது. ஒளிர்வு எழும் முன்னுள்ள காத்திருப்புக் காலத்தில் ஒன்றுமே நடக்கவில்லை என்று எண்ணுவதும் பிழை. அப்போதே திரட்சியைத் தொடங்கிவைக்கும் கருக்கள் உருவாகி, நாரிழைகள் நீண்டு, பெருகிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் மொத்த அளவு கருவியின் எல்லைக்குக் கீழே இருக்கிறது, அவ்வளவே.

செல்லுக்குள் பார்ப்பதற்காக, ஆராயும் புரதத்தோடு பச்சை ஒளிர்வுப் புரதத்தை ஒட்டுவது அடுத்த சிக்கல். ஆல்ஃபா சைனியூக்ளினில் 140 அமினோ அமிலங்கள். ஒட்டப்படும் பச்சைப் புரதத்தில் 238. சுமப்பதைவிடச் சுமை பெரிது. போதாக்குறைக்கு, பச்சைப் புரதத்துக்கே இணை சேரும் சிறு நாட்டம் உண்டு. 206-ஆவது இடத்திலுள்ள அலனினை லைசினாக மாற்றிய வடிவத்தைப் பயன்படுத்தினால் அந்த நாட்டம் பெருமளவு நீங்கும். சோதனைக்குழாய் ஆய்வுகளில் சிறிய சாய மூலக்கூறுகளே மேல். ஆல்ஃபா சைனியூக்ளினில் இயல்பாகச் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் கிடையாது என்பதால், விரும்பிய இடத்தில் ஒன்றைப் புகுத்தி அதில் மட்டும் சாயத்தைப் பிணைக்க முடியும். அப்போதும் சாயமிட்ட புரதத்தைச் சிறு பங்காகவும் சாயமிடாததைப் பெரும் பங்காகவும் கலந்து, சாயமே இல்லாத மாதிரியின் திரட்சி வேகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

நுண்ணோக்கிப் படத்தில் தெரியும் புள்ளியின் அகலத்தைத் திரளின் அகலமாகக் கொள்வது புதியவர்கள் மட்டும் செய்யும் தவறு அன்று. எர்ன்ஸ்ட் அபே 1873-இல் வகுத்த எல்லையின்படி, நல்ல லென்ஸிலும் பச்சை ஒளியில் ஏறத்தாழ 200 நானோமீட்டருக்குக் குறைந்த விவரங்கள் பிரிந்து தெரியா. நாரிழையின் தடிமன் சுமார் 10 நானோமீட்டர்தான். 2014-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற மீத்தெளிவு நுண்ணோக்கி முறைகள் இந்த எல்லையைத் தாண்டுகின்றன. ஆயினும் மூலக்கூறுகளை ஒவ்வொன்றாக ஒளிரச் செய்யும் வகை முறைகளில், ஒரே சாய மூலக்கூறு பலமுறை அணைந்து எரிவதைப் பல மூலக்கூறுகளாக எண்ணிவிடும் அபாயம் உண்டு.

மும்பை ஐ.ஐ.டி.யில் சமீர் மாஜியின் குழு, ஆல்ஃபா சைனியூக்ளின் முதலில் திரவத் துளிகளாகப் பிரிந்து, பின்னர் அத்துளிகள் இறுகி நாரிழைகளைக் கொண்ட ஜெல்லாக மாறுவதை 2020-இல் காட்டியது. இத்தகைய துளிகளின் ஒரு பகுதியை லேசரால் வெளிறச் செய்து ஒளிர்வு மீள்வதைக் கவனிப்பது வழக்கம். துளிக்குள் ஒரு சிறு இடத்தை வெளுத்தால் உள்ளே நடக்கும் கலப்பு தெரியும். துளி முழுவதையும் வெளுத்தால் வெளிக்கரைசலோடு நடக்கும் பரிமாற்றம் தெரியும். இரண்டையும் ஒன்றாகப் பேசும் கட்டுரைகளை இன்றும் காணலாம்.

மனித மூளைத் திசுவில் பணிபுரிபவர்கள் லிப்போஃபஸினை மறக்கக் கூடாது. வயதான நரம்புச் செல்களில் படியும் இந்நிறமி பல அலைநீளங்களில் தானே ஒளிர்ந்து, திரள்களைப் போலவே புள்ளிகளாகத் தெரியும். சாயமே இடாத அடுத்த திசு வெட்டை அதே அமைப்பில் படமெடுத்து ஒப்பிடுவது கட்டாயம். படமெடுக்கும்போது மிகு ஒளிர்வால் உச்ச மதிப்பைத் தொட்டுவிட்ட பகுதிகளைக் கணக்கில் சேர்ப்பதும், ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியே ஒளி-இருள் மாறுபாட்டைக் கூட்டி அருகருகே வைப்பதும் ஒப்பீட்டைப் பொருளற்றதாக்கும். எந்தப் பிரகாசத்துக்கு மேல் ஒரு புள்ளியைத் திரளாகக் கொள்வது என்பதைக் கட்டுப்பாட்டு மாதிரிகளைக் கொண்டு முன்னரே வரையறுத்து, எது எந்த மாதிரி என்று அறியாத ஒருவரைக் கொண்டு எண்ணச் செய்ய வேண்டும்.