ஸ்பிரிங் பூட்: ஒரு வரியில் தீரும் இணைப்புத் தட்டுப்பாடு

கூட்ட நேரத்தில் ஸ்பிரிங் பூட் என்ற ஜாவா கட்டமைப்பில் எழுதிய உங்கள் செயலி தரவுத்தள இணைப்பு கிடைக்காமல் திணறினால், ஜேபிஏ (ஜாவா தரவுத்தளத்தை அணுகும் முறை) அமைப்புகளில் 'ஓப்பன் இன் வியூ' என்பதை 'ஃபால்ஸ்' ஆக்குங்கள்.

இயல்பாக அது 'ட்ரூ'. அதனால் பக்கம் முழுவதும் தயாராகும்வரை ஹைபர்னேட் செஷன் (ஜேபிஏவுக்குப் பின்னால் தரவுத்தளத்தோடு பேசும் நூலகத்தின் அமர்வு) மூடாது. முதல் வினவலுக்கு எடுத்த தரவுத்தள இணைப்பும் திரும்பாது. மே மாதத்தில் கொடைக்கானல் விடுதி ஒன்றின் முன்பதிவுச் செயலியை எண்ணிப் பாருங்கள்: பதிவைச் சேமித்தபின் குறுஞ்செய்திச் சேவையின் பதிலுக்கு 3 நொடி காத்திருந்தால், அந்த 3 நொடியும் ஓர் இணைப்பு வீணாக முடங்கிக் கிடக்கிறது. இணைப்புகளைத் தயாராக வைத்துப் பகிர்ந்தளிக்கும் ஹிக்காரி இயல்பாகத் தருவது 10 இணைப்புகள்தான். பதினோராவது ஆள் 30 நொடி காத்திருந்தும் கிடைக்காவிட்டால் அவருக்குப் பிழைச் செய்திதான். அமைப்பை மாற்றினால், பரிவர்த்தனை (பதிவைச் சேமிக்கும் தரவுத்தள வேலை) முடிந்த கணமே இணைப்பு திரும்பிவிடும். குறுஞ்செய்தி அனுப்பும் வரி பரிவர்த்தனைக்கு வெளியே இருக்க வேண்டும், இதை மறக்கவே கூடாது.

தைம்லீஃப் (எச்டிஎம்எல் பக்கம் தயாரிக்கும் கருவி) பக்கத்துக்குள் 'லேஸி' உறவுகளை, அதாவது தொடும்போதுதான் தரவுத்தளத்திலிருந்து எடுக்கப்படும் தொடர்புடைய தரவுகளை, தொடும் பழைய செயலியில் உடனே மாற்றாதீர்கள். செஷன் மூடிவிட்டதால் 'லேஸி இனிஷியலைசேஷன் எக்ஸெப்ஷன்' என்ற பிழை வரிசையாக வரும். அந்த உறவுகளை முதலில் 'ஜாயின் ஃபெட்ச்' மூலம் ஒரே வினவலில் சேர்த்து எடுத்து வையுங்கள். நாலைந்து பேர் மட்டும் பயன்படுத்தும் அலுவலகச் செயலிக்கு இந்த மாற்றம் தேவையில்லை.