அப்பாவின் வளைகுடா காசுகளில் ஆண்டைக் கண்டுபிடிக்க

அரபு எழுத்துள்ள பழைய காசில் முதலில் ஆண்டைப் படியுங்கள். எழுத்து வலமிருந்து இடமாக ஓடினாலும், எண்களை நம்மைப் போல இடமிருந்து வலமாகத்தான் படிக்க வேண்டும். வெறும் புள்ளி என்றால் 0, சின்ன வட்டம் என்றால் 5. ஆங்கில வி எழுத்து 7, அதைத் தலைகீழாகப் போட்டால் 8. நம் 7 மாதிரியே தெரிவதுதான் 6, பலரும் சறுக்குவது இதில்தான். 4 திருப்பிப் போட்ட 3 போல இருக்கும். 1, 9 இரண்டிலும் குழப்பமே இல்லை.

ஆண்டு 1390, 1400 என்று வந்தால் அது ஹிஜ்ரி, அதாவது இஸ்லாமிய ஆண்டு. ஆங்கில ஆண்டாக்க, 0.97-ஆல் பெருக்கி 622 கூட்டுங்கள். 1400 ஏறத்தாழ 1980 ஆகிவிடும். ஹிஜ்ரி ஆண்டு சூரிய ஆண்டைவிடச் சுமார் 11 நாள் குறைவு, அதனால்தான் இந்தப் பெருக்கல். குவைத், அமீரகக் காசுகளில் பெரும்பாலும் ஹிஜ்ரி, ஆங்கிலம் என இரண்டு ஆண்டும் இருக்கும். மதிப்பில் பெரிய எண்தான் ஆங்கில ஆண்டு, அதைப் படித்தால் போதும்.

அப்புறம் நாடு: குறுக்கு வாள்களும் பேரீச்சை மரமும் சவூதி, பாய்மரக் கப்பல் குவைத், வளைந்த குத்துவாள் ஓமன், காபிக் கூஜா அமீரகத் திர்ஹாம்.

ஈரான் காசுக்கு இந்தக் கணக்கு செல்லாது. அங்கே சூரிய ஆண்டு என்பதால், பெருக்காமல் 621 கூட்டினாலே போதும். காசு என்ன விலை போகும் என்பதும் இதில் தெரியாது. எதற்கும் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், சேகரிப்பவர்கள் தொடவே மாட்டார்கள்.