வில்ஃபர்ட் உட்ரஃப் வாழ்க்கையை அவரோட டைரி வழியா படிக்கிறது எப்படி

மார்மன்ங்கறது 19ம் நூற்றாண்டுல அமெரிக்காவுல தோன்றின ஒரு கிறிஸ்தவ வழிச் சபை, மேற்கே யூட்டாவுக்குப் போய்க் குடியேறின அதோட ஆட்களைத்தான் மார்மன் முன்னோடிங்கன்னு சொல்றாங்க. அவங்களைப் பத்தி தெரிஞ்சுக்கணும்னு ஆரம்பிக்கிறவங்க முக்காவாசிப் பேர் நேரா பிரிகம் யங் கிட்ட போய்டுவாங்க, சபைத் தலைவர், சால்ட் லேக் ஊரை உருவாக்கினவர், பேரும் பெருசு. ஆனா என்னைக் கேட்டா வில்ஃபர்ட் உட்ரஃப்ல இருந்து ஆரம்பிங்கன்னுதான் சொல்லுவேன். 1807ல கனெக்டிகட்ல ஒரு மாவுமில்காரர் வீட்ல பிறந்தவர், 1833 டிசம்பர் 31ல ஞானஸ்நானம் எடுத்தார், 1839ல அப்போஸ்தலர், அதாவது சபையோட உயர் தலைவர்கள்ல ஒருத்தர், 1889ல சபைக்கே தலைவர், 1898ல சான்ஃபிரான்சிஸ்கோவுல இறந்தார். இதுக்கு நடுவுல 60 வருஷத்துக்கு மேல டைரி எழுதியிருக்கார். அந்தக் காலத்து சபை வரலாற்றுல பாதி விஷயம் இந்த மனுஷன் ராத்திரி உக்காந்து எழுதி வெச்சதாலதான் நமக்குத் தெரியுது.

அந்த டைரி இப்ப ஆன்லைன்லயே கிடைக்குது, வில்ஃபர்ட் உட்ரஃப் பேப்பர்ஸ்னு தேடுங்க, கையெழுத்துப் பக்கத்தோட ஸ்கேனும் டைப் பண்ண வடிவமும் ரெண்டுமே இருக்கும். டைப் பண்ணதை மட்டும் படிச்சிட்டு போகாதீங்க, பக்கத்துலயே ஸ்கேனையும் திறந்து வெச்சுக்கோங்க, ஏன்னா சாவி, இதயம்னு குட்டிக் குட்டியா படம் வரைஞ்சு வெச்சிருக்கார், அதையெல்லாம் கண்ணால பாத்தாதான் இது ஒரு ஆள் கையால எழுதினதுன்னு உறைக்கும். ஒவ்வொரு வருஷ முடிவுலயும் கணக்கு வேற போடுவார், எத்தனை மைல் போனேன், எத்தனை கூட்டம் நடத்தினேன், எத்தனை பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தேன்னு. நேரம் கம்மியா இருந்தா முதல்ல இந்த வருஷக் கடைசிக் கணக்குகளை மட்டும் வரிசையா படிச்சிடுங்க, வாழ்க்கையோட எலும்புக்கூடு கைக்கு வந்துடும். இன்னொண்ணு, ஸ்பெல்லிங் அவர் இஷ்டத்துக்கு இருக்கும், அதனால ஒரு பேரைத் தேடும்போது ரெண்டு மூணு விதமா அடிச்சுப் பாருங்க.

இப்ப முக்கியமான வேலைக்கு வரேன். ஒரு நோட்டு எடுத்து நடுவுல கோடு போடுங்க. இடது பக்கம் சம்பவம் நடந்த தேதி, வலது பக்கம் அது எழுதப்பட்ட தேதி. இவ்ளோதான். ஆனா இதைச் செய்யாம மார்மன் முன்னோடிங்க யாரையும் படிக்காதீங்க, ஏன்னா அவங்க கதைகள்ல பெரும்பகுதி வயசான பிறகு மேடையில சொன்னது, இல்லாட்டி பேரப்பிள்ளைங்க ஞாபகத்துல இருந்து எழுதினது.

1847 ஜூலை 24ஐ எடுத்துக்கோங்க. ஏப்ரல்ல கிளம்பின முதல் குழு, 143 ஆம்பளைங்க, 3 பொம்பளைங்க, 2 குழந்தைங்க, மிசோரி நதிக்கரையில இருந்து ராக்கி மலைகளைத் தாண்டி சால்ட் லேக் பள்ளத்தாக்குக்கு வந்து சேருது. பிரிகம் யங்குக்கு மலைக் காய்ச்சல், உட்ரஃபோட வண்டியிலதான் படுத்துட்டு வரார். மலை விளிம்புல வண்டி நின்னதும் பள்ளத்தாக்கைப் பாத்து, போதும், இதுதான் சரியான இடம், வண்டியை ஓட்டுன்னு யங் சொன்னதா எல்லாப் புத்தகத்துலயும் இருக்கும், அந்த இடத்துல ஒரு பெரிய நினைவுச்சின்னமே நிக்குது. நீங்க அன்னிக்கு டைரியைத் திறந்து பாருங்க. பள்ளத்தாக்கோட அழகு இருக்கு, என் வாழ்க்கையிலயே முக்கியமான நாள்னு எழுதியிருக்கார், யங்குக்கு இடம் பிடிச்சுப் போச்சுங்கறதும் இருக்கு. அந்த வசனம் மட்டும் இல்ல. அது வர்றது 1880 ஜூலை 24ல, 33 வருஷம் கழிச்சு, உட்ரஃப் விழா மேடையில பேசும்போது.

உடனே பொய் சொல்லிட்டார்னு முடிவு கட்டிடாதீங்க, அது அவசரம். 73 வயசுல ஒருத்தர் தன் வாழ்க்கையோட பெரிய நாளை நினைச்சுப் பாக்கறார், யங் செத்து மூணு வருஷம் ஆச்சு, கேக்கறவங்கள்ல பாதிப் பேர் அந்த மண்ணுல பிறந்த பிள்ளைங்க. நோட்டுல இடது பக்கம் 1847, வலது பக்கம் 1880ன்னு எழுதிட்டு தாண்டிப் போங்க. அந்த வசனம் 1847ஐ விட 1880ஐப் பத்திதான் நமக்கு அதிகமா சொல்லுது.

அதே நாள் டைரியில எனக்கு ரொம்பப் பிடிச்சது வேற. கூடாரம் போட்டதும், மதியச் சாப்பாடு கூட சாப்பிடாம, கொண்டு வந்த அரை புஷல் உருளைக்கிழங்கைத் தூக்கிட்டு உழுது போட்டிருந்த நிலத்துக்குப் போய் நட்டிருக்கார், கடவுள் கிருபையில அடுத்த வருஷத்துக்கு விதையாவது மிஞ்சட்டும்னு. ஜூலை கடைசி, சீசன் போயாச்சு, விளையுமான்னே தெரியாது, அப்பவும் நடறார். அந்தப் பயணத்தைப் பத்தி எந்த மேடைப் பேச்சும் எனக்கு இவ்ளோ சொல்லல. ரெண்டு வாரம் முன்னாடி ஜூலை 8ம் தேதிப் பக்கத்தையும் பாருங்க, ஃபோர்ட் பிரிட்ஜர் பக்கத்துல ஓடையில மீன் பிடிக்கறாங்க, மத்தவங்க இறைச்சித் துண்டும் வெட்டுக்கிளியும் மாட்டிப் போட்டுட்டு இருக்க, இவர் லிவர்பூல்ல இருந்து கொண்டு வந்த தூண்டில்ல செயற்கை ஈயைக் கட்டிப் போட்டு 12 டிரவுட் மீன் பிடிச்சிருக்கார். அதுல பாதி முக்கால் பவுண்டு தேறும்னு எடை முதக்கொண்டு எழுதியிருக்கார். இந்த மாதிரி விஷயத்தை யாரும் 30 வருஷம் கழிச்சு மேடைக்காக ஜோடிக்க மாட்டாங்க, அதனால டைரிதான் நம்பிக்கையான இடம்.

ஆனா டைரி மட்டும் போதும்னு நினைச்சிடாதீங்க. அவர் எழுதாம விட்டது நிறைய. அந்தப் பள்ளத்தாக்கு காலி நிலம் கிடையாது, யூட், ஷோஷோனி, கோஷூட் மக்கள் காலங்காலமா வேட்டையாடி, கிழங்கு தோண்டி வாழ்ந்த இடம். மார்மன் குடியேற்றம் பரவப் பரவ அவங்க தண்ணியும் உணவும் போச்சு, 1850ல யூட்டா ஏரிப் பக்கம் மார்மன் படை டிம்பனோகோஸ் யூட் மக்களைத் தாக்கிக் கொன்னுச்சு. முன்னோடியோட டைரி ஒரு கையில இருந்தா, அந்தப் பழங்குடி மக்களே எழுதின வரலாறு இன்னொரு கையில இருக்கணும், இல்லன்னா நீங்க படிக்கறது பாதி வாழ்க்கைதான்.

அடுத்தது பலதார மணம். இதுல பலர் ஒண்ணு கூச்சப்பட்டு தாண்டிடறாங்க, இல்ல இது ஒண்ணை மட்டுமே பேசறாங்க. ரெண்டும் வேண்டாம். உட்ரஃபுக்கு பல மனைவிங்க. 1882ல பலதார மணத்துக்கு எதிரா அமெரிக்க அரசோட எட்மண்ட்ஸ் சட்டம் வந்து கைது நடவடிக்கை சூடு பிடிச்சதும் தெற்கு யூட்டாவுல செயின்ட் ஜார்ஜ் பக்கம் தலைமறைவா இருந்தார், பொம்பளைங்க போடற தொளதொள கவுனும் துணித் தொப்பியும் மாட்டிட்டு வெளிய போவாராம். இது அவரை ஒளிச்சு வெச்ச குடும்பத்தோட ஞாபகத்துல இருந்து வர்ற தகவல், அதனால உங்க நோட்டுல இதுக்கு மூணாவதா ஒரு கட்டம் போடுங்க, அடுத்தவங்க சொன்னதுன்னு. 1887ல வந்த சட்டம் சபையோட சொத்தையே பறிமுதல் பண்ண வழி செஞ்சுது, 1890 மே மாசம் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டும் அது செல்லும்னு சொல்லிடுச்சு. இந்தத் தேதியெல்லாம் வரிசையா எழுதி வெச்சிட்டு அப்புறமா 1890 செப்டம்பர் 25ம் தேதிப் பக்கத்தைத் திறங்க. சபையோட இவ்வுலக மீட்புக்காக நடவடிக்கை எடுத்தே ஆகணும்ங்கற கட்டத்துக்கு வந்துட்டேன்னு எழுதறார். பலதார மணத்தை நிறுத்தறதா சபை வெளியிட்ட அறிக்கை, மேனிஃபெஸ்டோன்னு சொல்றது, அதுதான். சட்டத் தேதிங்க தெரியாம படிச்சா அது வெறும் பக்தி வாசகமாத் தெரியும், தெரிஞ்சு படிச்சா 83 வயசுக் கிழவர் கழுத்துல கயிறு இறுகறது தெரியும். அதோட நிறுத்திடாதீங்க, மேனிஃபெஸ்டோவுக்குப் பிறகும் ரகசியமா சில கல்யாணம் நடந்துச்சு, 1904ல ரெண்டாவது அறிக்கை வர வேண்டியிருந்துச்சு.

இந்த ஆம்பளைங்க டைரியில வீட்டுப் பொம்பளைங்க குரல் ரொம்பக் கம்மி, அதைத் தேடிப் போய்தான் எடுக்கணும். முதல் மனைவி ஃபீபி கார்ட்டரோட கடிதங்கள் இருக்கு. 1839 ஆகஸ்ட்ல உட்ரஃப் காய்ச்சலோட பிரசங்கம் பண்ண இங்கிலாந்துக்குக் கிளம்பும்போது ஃபீபி கர்ப்பம், ஒரு சின்னப் பொண்ணு வேற, அயோவாவுல மான்ட்ரோஸ்ங்கற ஊர்ல ஏழ்மையான குடியிருப்பு. அங்க இங்கிலாந்துல 1840 வசந்தத்துல ஹெரிஃபோர்ட்ஷயர்ல ஜான் பென்போவோட பண்ணைக் குளத்துல ஆட்கள் கூட்டம் கூட்டமா ஞானஸ்நானம் எடுக்கறாங்க, சபை வரலாறு முழுக்க இதைக் கொண்டாடும், கொண்டாட வேண்டியதுதான். அந்தக் கொண்டாட்டத்தைப் படிச்சு முடிச்சதும் நோட்டுல 1840 ஜூலை 17ன்னு எழுதுங்க. அன்னிக்கு அவங்க மகள் சாரா எம்மா இறந்துட்டா, ரெண்டு வயசு முடிஞ்சு மூணே நாள். மறுநாளே ஃபீபி உக்காந்து எழுதறாங்க, நேத்து நம்ம குட்டி சாரா எம்மா போறதைப் பக்கத்துல இருந்து பாத்தேன், இதைக் கேட்டு உங்க மனசு என்ன பாடுபடுமோன்னு. கப்பல்ல போகற கடிதம், கடல் தாண்டிப் போய்ச் சேர மாசக்கணக்கு ஆகும்.

முதல்ல அந்தக் கடிதத்தைப் படிங்க. அப்புறம் டைரியில ஜூலை 17க்குப் போய், அன்னிலேர்ந்து சேதி போய்ச் சேர்ற நாள் வரைக்கும் ஒவ்வொரு பக்கமா திருப்புங்க. அவர் ஊர் ஊரா நடந்து பிரசங்கம் பண்ணிட்டு இருப்பார், மைல் கணக்கு எழுதிட்டு இருப்பார், மக உயிரோட இருக்கான்னே நினைச்சிட்டு இருப்பார்.