படகுக்குள் ஒட்டுமுன் மேசையில் ஓட்டிப் பாருங்கள்

ரிமோட்டில் ஓடும் மாதிரிப் படகு செய்யும்போது, ரிசீவர் (ரிமோட்டின் சிக்னலை வாங்கும் கருவி), சர்வோ (சுக்கானைத் திருப்பும் சின்ன மோட்டார்), ஈஎஸ்சி (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி), மோட்டார், பேட்டரி எல்லாவற்றையும் படகுக்குள் பொருத்துமுன் மேசைமேல் பரப்பி, வயர்களை இணைத்து ஓட்டிப் பாருங்கள். புரொப்பெல்லர் மாட்ட வேண்டாம். மோட்டார் உருளாதபடி இறுக்கிப் பிடித்து வையுங்கள். முதலில் டிரான்ஸ்மிட்டரை (கையில் பிடிக்கும் ரிமோட்டை) ஆன் செய்து, அப்புறம் ரிசீவருக்குக் கரன்ட் கொடுங்கள்.

மேல்தளத்தை ஒட்டிய பிறகு சின்னத் திறப்பு வழியாகக் கைவிட்டுத் திருத்துவது பெரும்பாடு. மேசையில் அப்படியில்லை: டிரான்ஸ்மிட்டரில் நடுநிலையை நுணுக்கமாகச் சரிசெய்யும் டிரிம்மைப் பூஜ்யத்தில் வைத்து, சர்வோ நடுநிலைக்கு வந்ததும் அதன் கையை நேராக மாட்டிவிடலாம். பிரஷ்லெஸ் மோட்டார் தலைகீழாகச் சுற்றினால், பேட்டரியைக் கழற்றிவிட்டு, மோட்டாரையும் ஈஎஸ்சியையும் இணைக்கும் மூன்று வயர்களில் ஏதேனும் இரண்டை மாற்றிப் போட்டால் போதும். மோட்டாரை மெதுவாக ஓடவிட்டு டிரான்ஸ்மிட்டரை அணைத்தும் பாருங்கள். மோட்டார் நிற்க வேண்டும். நிற்காவிட்டால், சிக்னல் அறுந்ததும் மோட்டாரை நிறுத்தும் ஃபெயில்சேஃப் அமைப்பைச் சரிசெய்யாமல் படகைத் தண்ணீரில் விடவே கூடாது.

தண்ணீரால் குளிரும் மோட்டார், ஈஎஸ்சி என்றால் சில நொடிகளுக்கு மேல் ஓட்டாதீர்கள், சூடாகிவிடும். சிக்னல் எட்டும் தூரத்துக்கும் மேசைச் சோதனை உதவாது. 2.4 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் தண்ணீருக்குள் ஊடுருவாது என்பதால், ஆன்டெனாவை நீர்மட்டத்துக்கு மேலே பொருத்தி, கரையில் தனியாகச் சோதிக்க வேண்டும்.