தெருவில் உறங்குவோரிடம் போக விரும்பும் சபைக்கு ஒரு வழிகாட்டி

கிறிஸ்துமஸ் வாரத்தில் சென்னை சென்ட்ரல் பக்கம் போனால், போர்வையும் பிரியாணியும் ஏற்றிய வேன்கள் அடுத்தடுத்து நிற்பதைப் பார்க்கலாம். அதே நடைபாதைக்கு ஜூன் மாதம் வருபவர்கள் மிகக் குறைவு. நல்ல சமாரியன் காயத்தைக் கட்டியதோடு நிற்கவில்லை. சத்திரத்தில் சேர்த்துப் பராமரித்தான், மறுநாள் செலவுக்குப் பணம் கொடுத்தான், மேற்கொண்டு செலவானால் திரும்பி வரும்போது தருவதாகச் சொல்லிவிட்டுப் போனான் (லூக்கா 10:34, 35). திரும்பி வரும் சபையாக இருக்க என்னென்ன வேண்டும் என்பதைச் சென்னையை வைத்துச் சொல்கிறோம். மற்ற ஊர்களிலும் பெரும்பாலும் இதுவே பொருந்தும்.

முதல் மூன்று வாரம் வெறுங்கையோடு போங்கள்

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பெரிய ரயில் நிலைய வாசலையும் கோயில், தர்கா வாசல்களையும் விட்டுவிடுங்கள். அங்கே ஒரே இரவில் ஒருவருக்கே நாலு பொட்டலம் கிடைக்கும். இரண்டு தெரு தள்ளி, மூடிய கடைகளின் படிக்கட்டில் படுத்திருப்பவர்களுக்கு ஒன்றும் கிடைக்காது. பாரிமுனை, வால்டாக்ஸ் சாலைப் பக்கங்களில் தலைமுறை தலைமுறையாகத் தெருவிலேயே வாழும் குடும்பங்கள் உண்டு. மூட்டை தூக்குவது, பூ கட்டுவது, ஓட்டலில் பாத்திரம் கழுவுவது, காகிதம் பொறுக்குவது என்று அவர்களில் பலர் நாள் முழுதும் உழைப்பவர்கள். கடை மூடிய பிறகுதான் படுக்க இடம் கிடைக்கும். ஆகவே இரவு 9 மணிக்கு மேல் போனால்தான் ஆளைப் பார்க்க முடியும்.

ஆறு பேர் போதும். பாதிப் பேராவது பெண்கள் இருக்கட்டும். தனியாக இருக்கும் பெண்களிடம் பெண்களே பேச வேண்டும். படுத்திருப்பவரின் தலைமாட்டில் நின்று பேசாமல், குந்தி உட்கார்ந்து பேசுங்கள். ஐயா, அம்மா, அண்ணே, அக்கா என்றே கூப்பிடுங்கள். வயதில் சின்னவராக இருந்தாலும் 'நீங்க'தான். பார்வையற்ற பர்திமேயுவின் குறை எதுவென்று பார்த்தவர் எவருக்கும் தெரியும். அப்படியிருந்தும், தான் என்ன செய்ய வேண்டும் என்று இயேசு அவனிடமே கேட்டார் (மாற்கு 10:51). நீங்களும் கேளுங்கள். சோறு என்று சொல்பவர்களைவிட, கழிப்பறை, மருந்து, தொலைந்த ஆதார், பிள்ளையின் பள்ளிக்கூடம் என்று சொல்பவர்கள் அதிகம் இருக்கலாம்.

ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். பெயர், படுக்கும் இடம், கேட்டது என்ன, நாம் சொன்ன வாக்கு என்ன, அதைச் செய்யப் போவது யார் என்று ஐந்து கட்டங்கள் போதும். வீடு திரும்பிய பிறகு எழுதுங்கள். முகத்துக்கு நேரே எழுதினால் போலீஸ் கணக்கெடுப்பு என்று பயந்துவிடுவார்கள். படம் எடுக்கவே கூடாது. சபையின் செய்தி மடலுக்கு என்றாலும் வேண்டாம்.

ஜெபத்தைச் சபையில் முடித்துவிட்டுக் கிளம்புங்கள். தெருவில் யாராவது 'எனக்காக ஜெபம் பண்ணுங்க' என்று கேட்டால் அங்கேயே, மெதுவான குரலில் செய்யுங்கள். சோற்றுப் பொட்டலத்தோடு நற்செய்திக் கைப்பிரதி சேர்த்துக் கொடுக்காதீர்கள். பசியில் இருப்பவர் எதற்கும் தலையாட்டுவார், அந்தத் தலையாட்டலை விசுவாசமாக எண்ணுவது அவருக்கும் கர்த்தருக்கும் செய்யும் அநியாயம்.

சோறு

50 பேருக்குச் சாம்பார் சாதம் என்றால் அரிசி நாலரை கிலோ, துவரம்பருப்பு ஒன்றரை கிலோ, காய்கறி 3 கிலோ, புளி கால் கிலோ. ஒருவருக்கு அரைக்கிலோவுக்குக் கொஞ்சம் கூடவே வரும். நாள் முழுதும் மூட்டை தூக்கியவருக்கு அது வேண்டும். பல்லில்லாத முதியவர்களும் இருப்பார்கள் என்பதால் அரிசியைக் குழைய வேகவிடுங்கள். தேங்காய்ச் சட்னி, முட்டை, மயோனைஸ் எதுவும் வேண்டாம், வெளிச் சூட்டில் முதலில் கெடுவது இவைதான். இறக்கிய இரண்டு மணி நேரத்துக்குள் சோறு கைக்குப் போய்விட வேண்டும். கொதிக்கக் கொதிக்கப் பொட்டலம் கட்டி மூட்டையாக அடுக்கினால் உள்ளே வேர்த்து, நடுவில் இருப்பது புளித்துவிடும். மூடி போட்ட பாத்திரத்தில் சூடாகவே கொண்டுபோய் அங்கே பரிமாறுவது மேல். கல்யாண வீட்டில் மிஞ்சியது எப்போது சமைத்தது என்று தெரியாவிட்டால் வாங்காதீர்கள். வயிற்றுப்போக்கு வந்தால் அவர்களுக்கு ஓடிப்போகக் கழிப்பறை கிடையாது.

பக்கத்தில் அம்மா உணவகம் இருந்தால் காலைச் சாப்பாட்டுக்குச் சபைப் பணத்தைச் செலவழிக்கத் தேவையில்லை. 2013இல் தொடங்கியபோதே இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய் என்றுதான் வைத்தார்கள். அந்தப் பணம் ஆஸ்பத்திரிச் செலவுக்கு உதவும்.

ஆஸ்பத்திரிக்குக் கூடப் போக ஓர் ஆள்

எல்லாவற்றிலும் கடினமான வேலை இதுதான், பல சபைகள் விட்டுவிடுவதும் இதைத்தான். 108க்கு போன் செய்து ஏற்றிவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்கிறோம். வார்டில் கூட இருக்க ஆள் இல்லாத நோயாளிக்கு எக்ஸ்ரேக்குத் தள்ளிக்கொண்டு போக, மருந்துச் சீட்டோடு வரிசையில் நிற்க யாரும் இருக்க மாட்டார்கள். இரண்டாம் நாளே எழுந்து பழைய நடைபாதைக்கு வந்துவிடுவார். எனவே யாரையாவது சேர்க்கும் முன் மூன்று நாளுக்கு, எட்டு மணி நேரத்துக்கு ஒருவர் என்று ஒன்பது பேர் பட்டியலைத் தயாராக வைத்திருங்கள். ஓய்வு பெற்றவர்களும் வாலிபர் சங்கத்தாரும் இதற்கு நன்றாகப் பொருந்துவார்கள்.

சர்க்கரை நோயாளியின் கால்புண்ணில் மஞ்சளோ காப்பித்தூளோ வைத்திருந்தால் நீங்கள் கிளறாதீர்கள். சலைன் நீரால் மேலாகக் கழுவி, சுத்தமான காஸ் துணியால் மூடி அழைத்துப் போங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் காசநோய்ப் பரிசோதனை வேண்டும். அரசு மருத்துவமனையில் அதுவும் சிகிச்சையும் இலவசம், சாதாரண காசநோய்க்கு 6 மாதம் மாத்திரை. இரண்டு மாதத்தில் உடம்பு தேறியதும் பலர் நிறுத்திவிடுவார்கள், பிறகு மருந்துக்கு மசியாத காசநோயாகத் திரும்பலாம். வாரா வாரம் நீங்கள் போவதன் பெரிய பயன் இங்கேதான்: மாத்திரை தீர்ந்ததா என்று கேட்க ஒருவர் இருக்கிறார்.

மனநிலை பாதித்தவராகத் தெரிந்தால் பிடித்து இழுத்துக் குளிப்பாட்டி, முடி வெட்டி, அதை வீடியோ எடுத்துப் போடுவது சேவையாகாது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100ஆம் பிரிவுப்படி, அப்படிச் சுற்றித் திரிபவரைப் பாதுகாப்பில் எடுத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வது காவல் நிலைய அதிகாரியின் கடமை. நிலையத்தில் இந்தப் பிரிவைச் சொல்லிக் கேளுங்கள். கூடவே போங்கள்.

காப்பகமும் காகிதமும்

மாநகராட்சியின் வீடற்றோர் காப்பகங்களில் தங்கக் கட்டணம் இல்லை. ஆண்கள், பெண்கள், முதியோர் என்று தனித்தனியாக இருக்கும். யாரையும் அனுப்பும் முன் நீங்கள் போய்ப் பாருங்கள்: இடம் இருக்கிறதா, கதவு எத்தனை மணிக்கு மூடும், மூட்டை வைக்கப் பூட்டு உண்டா? 'வர மாட்டேன்' என்பவர்களுக்குக் காரணம் இருக்கும். கணவன் ஒரு காப்பகம், மனைவி ஒரு காப்பகம் என்று பிரிய வேண்டியிருக்கும், அல்லது அதிகாலை மார்க்கெட் வேலைக்கு அங்கிருந்து வர முடியாது. வற்புறுத்தாதீர்கள். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் மறுபடி ஒருமுறை கேளுங்கள். மழை இரவில் தங்க இடம் தேட மாநகராட்சியின் 1913 எண் உதவும்.

ஆதார் புதிதாக எடுக்கக் கட்டணம் இல்லை. முகவரிச் சான்று இல்லாதவருக்கு ஆதார் ஆணையத்தின் சான்றிதழ்ப் படிவம் இருக்கிறது, அதில் கவுன்சிலரோ எம்எல்ஏவோ கையெழுத்திடலாம். தேதி போட்ட மூன்று மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும். ஏற்கெனவே ஆதார் எடுத்துத் தொலைத்தவருக்கு மறுபடி புதிதாகப் பதிந்தால் நிராகரிக்கப்படும், அவருக்குப் பழைய எண்ணைக் கண்டுபிடிக்கும் வழியே சரி. முதலில் இதைக் கேட்டு உறுதி செய்யுங்கள், பல வாரங்கள் மிச்சமாகும். ஆதார் கிடைத்தால் வங்கிக் கணக்கு, கணக்கு கிடைத்தால் முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பம் என்று அடுத்தடுத்துப் போகலாம்.

பிள்ளைகள் விஷயத்தில் சட்டம் கண்டிப்பானது

தனியாக இருக்கும் குழந்தையைக் கண்டால் குழந்தைகளுக்கான உதவி எண் 1098க்கு அழையுங்கள். 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுபோக வேண்டும். பாவம் என்று சபைக் கட்டடத்திலோ வீட்டிலோ தங்க வைக்காதீர்கள். பதிவு இல்லாமல் குழந்தைகள் இல்லம் நடத்துவது 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின்படி குற்றம், ஒரு வருடம் வரை சிறையும் உண்டு. பாலியல் கொடுமை நடந்ததாகத் தெரிந்தால் போக்சோ சட்டப்படி போலீசுக்குச் சொல்வது கட்டாயம். சபைக்குள்ளேயே பேசி முடிக்கலாம் என்று சொல்பவர் யாராயிருந்தாலும் கேட்காதீர்கள். டியூஷன் நடத்தும்போது எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும், கதவு திறந்திருக்க வேண்டும்.

டிசி இல்லை, பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று 6 முதல் 14 வயதுப் பிள்ளையைச் சேர்க்க மறுக்கக் கூடாது என்று 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. தலைமையாசிரியரைப் பார்க்கப் பெற்றோரோடு நீங்களும் போங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரும் பணம்

துபாயிலோ டொராண்டோவிலோ இருக்கும் நம்மவர்கள் மனமுவந்து அனுப்புவார்கள். அனுப்புபவர் இன்னும் இந்தியக் குடிமகனாக இருந்து, தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படாது. கனடா குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால், இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். எஃப்சிஆர்ஏ என்னும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்படி பதிவோ முன்அனுமதியோ இல்லாத சபை அதை வாங்க முடியாது. போதகரின் சொந்தக் கணக்கில் போட்டு ஊழியத்துக்கு எடுப்பதும் சட்ட மீறலே. அப்படிப்பட்டவர்கள் தாங்கள் வாழும் ஊரிலேயே தெருவில் உறங்குவோருக்கு அந்தப் பணத்தைச் செலவிடட்டும். டொராண்டோ குளிரில் நடைபாதையில் ஓர் இரவு உயிருக்கே ஆபத்து.

இளைஞர்களுக்கு முதல் மாதம்

எட்டாவது தேறியவர் ஐடிஐயில் வெல்டர், வயர்மேன் படிக்கலாம். எலக்ட்ரீஷியனுக்குப் பத்தாவது வேண்டும். பிள்ளைகள் இல்லத்தில் வளர்ந்து 18 வயதில் வெளியே வருபவர்களுக்கு 21 வயது வரை பின்பராமரிப்பு உதவி கேட்க சட்டத்தில் இடம் உண்டு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விசாரியுங்கள். வெளியே வருவதற்கு ஆறு மாதம் முன்பே கேட்பது நல்லது.

படிக்க வைத்து வேலை வாங்கிக் கொடுத்த பிறகும் பலர் நழுவிப்போவது முதல் மாதத்தில்தான். அம்பத்தூரிலோ ஸ்ரீபெரும்புதூரிலோ வேலை கிடைக்கும். முதல் சம்பளம் கைக்கு வர 30, 40 நாள் ஆகும். அதுவரை பஸ்ஸுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் காசு இல்லாமல், தினக்கூலிக்கே திரும்பிவிடுவார்கள். பஸ் பாஸ், ஷூ, இரண்டு செட் உடுப்பு, 40 நாள் மதியச் சாப்பாடு, அறை வாடகையில் அவர் பங்கு ஆகியவற்றைச் சபை முன்கூட்டியே ஒதுக்கி வைக்க வேண்டும். கடனாகக் கொடுக்காதீர்கள், திருப்பித் தர முடியாத மாதத்தில் வெட்கப்பட்டு உங்களைப் பார்ப்பதையே நிறுத்திவிடுவார். மொத்தமாகக் கையில் தராமல் வாரத்துக்கு ஒருமுறை கொடுங்கள். கொடுப்பவர் அதே ஒருவராக இருக்கட்டும், சூப்பர்வைசர் திட்டினாரா, தூங்க இடம் சரியாக இருக்கிறதா என்று அவரே கேட்கட்டும். முதல் சம்பளத்துக்குப் பிறகும் இன்னும் இரண்டு மாதம் வாரம் ஒரு போன் தொடரட்டும். வேலையை விட நினைப்பவர் அந்தப் போனில்தான் முதலில் வாய் திறப்பார்.