குத்து விழுந்தும் பாயின்ட் வரவில்லையா? கராத்தே ஃபைட் ஸ்கோர் விவரம்

பெங்களூரில் அல்சூர், ஸ்ரீராமபுரம் பக்கத்துப் பிள்ளைகளை முதல்முறை போட்டிக்கு அழைத்துப்போகும் பெற்றோர், கேலரியிலிருந்து கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "அடி விழுந்துச்சே, ஏன் பாயின்ட் குடுக்கலை?"

பெயர் கொடுக்கும் முன்பே எந்த விதி என்று மாஸ்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பெங்களூரில் எல்லாப் பள்ளிகளும் ஒரே முறை இல்லை. முழு பலத்தோடு அடிக்கும் கியோகுஷின் பாணி ஆட்டம் முற்றிலும் வேறு. இங்கே சொல்வது டபிள்யூ.கே.எஃப் (உலக கராத்தே கூட்டமைப்பு) முறை.

கையால் முகத்துக்கோ உடம்புக்கோ குத்தினால் யூகோ, 1 பாயின்ட். வயிறு, மார்பு, முதுகு, விலாவில் உதை என்றால் வசாரி, 2. தலை உயரத்தில் உதை, அல்லது எதிராளி கீழே விழுந்தபின் சுத்தமான அடி என்றால் இப்போன், 3. அடுக்கடுக்காக அடித்தால் எல்லாவற்றையும் கூட்டமாட்டார்கள். அதில் பெரியது மட்டும் சேரும். 8 பாயின்ட் முன்னிலை வந்ததும் ஆட்டம் முடிந்தது. பெரியவர்களுக்கு 3 நிமிடம், 14 முதல் 17 வயதுக்காரர்களுக்கு 2 நிமிடம்.

இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம். நான்கு மூலையிலும் ஜட்ஜ்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் சிவப்பு, மற்றவர் நீலம்; குறைந்தது இரு ஜட்ஜ்கள் ஒரே ஆட்டக்காரரின் நிறத்தைக் காட்டினால்தான் பாயின்ட். அவர்கள் பார்ப்பது அடி பட்டதா என்பதை மட்டுமல்ல. ஸ்டைல், வேகம், நேரம், தூரம், நடத்தை, கடைசியாக ஸான்ஷின், அதாவது அடித்த பிறகும் எதிராளி மேல் கண் வைத்து அடுத்ததற்குத் தயாராக நிற்பது, இத்தனையும் சேரவேண்டும். சின்னப் பிள்ளைகள் கோட்டைவிடுவது பெரும்பாலும் இந்தக் கடைசியில்தான். குத்திவிட்டு, "பாயின்ட்!" என்று கையைத் தூக்கி முதுகைக் காட்டித் திரும்புவார்கள். பாயின்ட்டும் போகும், தற்காப்பில்லாமல் நின்றதற்கு முபோபி என்று எச்சரிக்கையும் வரும். பயிற்சியிலேயே குத்தியதும் கையை இழுத்து, முகத்தை மறைத்து, ஓரடி பின்வாங்கப் பழக்குங்கள்.

அடுத்தது, அளவுக்கு மீறிய அடி. 18 வயதுக்குக் கீழே முகத்துக்கு வரும் குத்து படாமல் நிற்கவேண்டும். பலமாக விழுந்தால் அடித்தவருக்கே தண்டனை. மூக்கில் ரத்தம் வரவைத்தவன் ஜெயிப்பான் என்று கேலரியில் சொல்வதை நம்பவேண்டாம்.

தண்டனை என்றால் சூய் (எச்சரிக்கை) மூன்று முறை, பிறகு ஹன்சோகு சூய் (கடைசி எச்சரிக்கை), அதற்கு மேல் ஹன்சோகு, அதாவது தோல்வி. கோட்டுக்கு வெளியே கால் வைத்தாலும் (ஜோகாய்) இந்தக் கணக்கில்தான் ஏறும். எதிராளி தள்ளியதால் வெளியேறினால் ஏறாது. அடி பட்டதாக நடிப்பதும் குற்றம்தான்.

ஸ்கோர் சமமானால் 'சென்ஷு' யாரிடம் என்று பார்ப்பார்கள். எதிராளி பதில் பாயின்ட் எடுக்காமல் முதல் பாயின்ட் அடித்தவருக்கு அது கிடைக்கும். கடைசி 15 விநாடியில் ஓடி ஒளிந்தோ, பிடித்துத் தொங்கியோ எச்சரிக்கை வாங்கினால் சென்ஷு பறிபோகும். ஆகவே முன்னிலையில் இருக்கும் பிள்ளையிடம் "ஓடு ஓடு" என்று கத்தாதீர்கள். ஆடுகளத்தின் நடுவிலேயே பக்கவாட்டில் நகரச் சொல்லுங்கள்.

கிளம்பும் முன் பையில் பாருங்கள்: சிவப்பு, நீலம் இரண்டு நிறத்திலும் பெல்ட், கிளவுஸ், ஷின் பேட், ஃபுட் பேட்; கம் ஷீல்டு, செஸ்ட் கார்டு. நகத்தை ஒட்ட வெட்டுங்கள். கண்ணாடிக்கும் இரும்பு ஹேர்கிளிப்புக்கும் அனுமதியில்லை.