பழைய கட்டையின் சில்லும் என் புலியும்

போன வாரம் புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி எழுதிய சப்டைட்டிலைத் திருத்திக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு வரியைப் பார்த்ததும் பழைய காயம் வலித்தது, ஏனென்றால் பத்து வருஷத்துக்கு முன் நான் செய்த அதே தப்பு: பிள்ளை அப்பனைப் போல என்று சொல்கிற 'சிப் ஆஃப் தி ஓல்ட் பிளாக்' (பழைய கட்டையின் சில்லு) மாதிரி ஆங்கிலத் தொடர்களைத் தமிழில் கோட்டை விடுவது. 'சிப்' என்றதும் உருளைக்கிழங்கு வறுவலை நினைப்பவர்களை விட்டுவிடுவோம், அவர்கள் தானாகத் திருந்திவிடுவார்கள்.

எதற்கெடுத்தாலும் புலி

பிள்ளை அப்பனைப் போல என்று ஆங்கிலத்தில் எது வந்தாலும் நம் கை தானாக 'புலிக்குப் பிறந்தது பூனையாகுமா' என்று அடித்துவிடும். எனக்கு வந்த காட்சியில் பிக்பாக்கெட் பையனைப் பிடித்த போலீஸ்காரர், அவன் அப்பனையும் உள்ளே தள்ளியவர், 'ஆப்பிள் மரத்தை விட்டுத் தூரமாக விழாது' என்கிறார். நான் புலியைப் போட்டேன். திரையில் பார்த்தால் போலீஸ்காரர் திருடனுக்கு மாலை போடாத குறை! எபிசோடு முழுக்கத் திரும்பி வந்தது, காசும் போச்சு. 'அப்பன் புத்தி எங்கே போகும்' என்று தினமும் காதில் விழுகிற பேச்சு, அன்றைக்குப் பார்த்துத் தோன்றவில்லை.

ஜெர்மன்காரர்களிடமும் இருக்கிற அந்த ஆப்பிளை ஆங்கிலத்தில் குறை சொல்லத்தான் அதிகம் எடுக்கிறார்கள். 'சிப் ஆஃப் தி ஓல்ட் பிளாக்' பெரும்பாலும் பாராட்டு. கட்டையில் உளி வைத்துத் தட்டினால் தெறிக்கிற சில்லில் அதே நிறம், அதே ரேகை இருக்குமில்லையா, அதுதான் கணக்கு. 1781-ல் இளைய வில்லியம் பிட் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பேசிய முதல் பேச்சைக் கேட்ட சக உறுப்பினர் எட்மண்ட் பர்க், இவர் பழைய கட்டையின் சில்லு மட்டுமல்ல, அந்தக் கட்டையேதான் என்றாராம். அப்பா பிட் பிரதமராக இருந்தவர், மகன் 24 வயதில் பிரதமரானார். இங்கே தாராளமாகப் புலியைக் கூப்பிடலாம்: 'புலிக்குட்டி என்ன, அந்தப் புலியேதான்.' 'பழைய கட்டை' என்று அப்படியே எழுதினால் நம் ஆட்களுக்குச் சுடுகாடுதான் ஞாபகம் வரும்.

பாராட்டா ஏச்சா என்று பிடிபடாத இடத்தில் 'விரை ஒன்று போட்டால் சுரை ஒன்று முளைக்குமா' கைகொடுக்கும், அது இரண்டு பக்கமும் வெட்டும்.

ஒற்றை எஃப்

இந்தத் தொடரில் ஆங்கிலக் கவிஞர் மில்டன் 1642-ல் எழுதியது 'of' என்று ஒற்றை எஃப்தான், 'off' என்கிற இரட்டை எஃப் பின்னால் வந்தது. பழைய மேற்கோளில் கை வைக்காதீர்கள்.

தோளில் இருக்கும் சில்லு

ஆங்கிலத்தில் 'சிப் ஆன் தி ஷோல்டர்' என்றும் ஒன்று உண்டு, அது மனக்குறையோடு முறைத்துத் திரிவது. நம் கட்டைச் சில்லுக்கும் அதற்கும் சொந்தமே இல்லை.

முகமா, குணமா

கட்டையின் சில்லு என்பது பெரும்பாலும் குணத்துக்கும் திறமைக்கும். முகச்சாயலுக்கு 'ஸ்பிட்டிங் இமேஜ்' என்பார்கள். அப்பன் வாயிலிருந்து துப்பிய மாதிரி பிள்ளை என்று 17-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே ஜார்ஜ் ஃபார்கர் நாடகத்தில் வருகிறது, பிரெஞ்சுக்காரர்களும் துப்பத்தான் செய்கிறார்கள். நம் தம்பி 'துப்பிய உருவம்' என்று எழுதியிருந்தான். அடித்துவிட்டு 'அப்பனை உரிச்சு வச்சிருக்கான்' என்று மாற்றினேன். "எங்க பாட்டி என்னைப் பத்தி இதையேதான் சொல்லும் அண்ணே" என்கிறான்.